வலது ஜன்னலில் விளக்கு

— இதைப் போயா படம் எடுத்தே? கவுத்து வெச்ச மீன் கூடை. இதுல என்ன கண்டுட்டே, பொண்ணே?

— வெளிச்சம்மா. கூடை ஓட்டை வழியா கல்லு மேல புள்ளி புள்ளியா விழுந்திருக்கு பாருங்க.

— எனக்கு ஓட்டைதான் தெரியுது. நாளைக்கு அதை அடைக்கணும்னு ஞாபகப்படுத்தினே, சந்தோஷம். அடுத்தது காட்டு.

— இது துறையிலேர்ந்து உங்க தெருவுக்கு ஏறி வர்ற படிக்கட்டு.

— அடடே, எதிர்வீட்டுக்காரி! வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கறா. அவ வாயை மூடிக்கிட்டு நிக்கறப்ப எடுத்திருந்தேன்னா, அது படம்.

— உங்களைத்தாம்மா கூப்பிட்டாங்க. மீன் ஏலத்துக்கு நேரமாச்சுன்னு.

— அவளுக்கு என்னைக்கு நேரமாகாம இருந்துச்சு? நீ அந்த ஈரக் கோட்டைக் கழட்டி ஆணியில மாட்டு. அடுப்புப் பக்கமா நகந்து உக்காரு. வாடகைக்கு அறை குடுத்து, சளி புடிக்க வெச்சு அனுப்பினேன்னு எனக்குப் பேர் வரக் கூடாது.

— பரவாயில்லம்மா. இந்த ஊர்ல மழைகூட நல்லா இருக்கு.

— நல்லா இருக்கு போ. மழை நல்லா இருக்கு, ஓட்டைக் கூடை நல்லா இருக்கு. எங்க ஊரைப் பாக்கறதுக்கு உன் கண்ணை இரவல் வாங்கணும் போல.

— நிஜமாத்தாம்மா சொல்றேன். இந்தக் கடற்கரை ஓரமா ஊர் ஊராப் பாத்துக்கிட்டே வர்றேன். பழைய துறை, பழைய தெருன்னு ஆசையாப் போனா, எல்லா வீடும் காபிக்கடை, இல்லேன்னா ஓட்டல். சுவத்துல வலையை அழகாத் தொங்க விட்டிருக்காங்க. வலை போடறவங்க யாருமே இல்ல. இங்கதான் வீட்டுக்குள்ள ஆளுங்க இருக்காங்க.

— இருக்கறது எத்தனை நாளைக்கோ. எங்க வீட்டுக்காரருக்கு இந்த வீட்டை ஒரு ஓட்டல்காரன் கையில குடுத்துட்டு டவுனுக்குப் போயிடணும். ஆனா வீடு எங்கப்பாவோடது. எனக்கும் என் தம்பிக்கும் பாதிப் பாதி. அவன் என்னடான்னா, என் உயிர் இருக்கற வரைக்கும் விக்க விடமாட்டேன்னு நிக்கறான்.

— நீங்க யார் பக்கம்மா?

— நான் அடுப்புப் பக்கம். இவர் தம்பியோட பேசறதில்ல, தம்பி இவரோட பேசறதில்ல. ஒரே மேஜைதான், எதிரெதிர்லதான் உக்காருவாங்க. உப்பு வேணும்னா இவர் என்கிட்டச் சொல்லி, நான் அவன்கிட்டச் சொல்லி, அவன் என்கிட்டக் குடுத்து, நான் இவர்கிட்டக் குடுக்கணும். அதுக்குள்ள சோறு ஆறிடும்.

— பாவம் நீங்க.

— அதான் இன்னைக்குத் தீந்துபோச்சே! காலையிலேர்ந்து ஊரெல்லாம் இதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன். தம்பி படகு கெளம்பறப்ப இவரே எழுந்து போனார். போய், கல்லுல கட்டியிருந்த கயித்தை அவுத்து அவன் கையில குடுத்தார். "பாத்துப் போ மாப்ள"ன்னார். ஜன்னல்லேர்ந்து பாத்துக்கிட்டு நின்னேன், எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

— உங்க வீட்டுக்காரர் இன்னைக்குக் கடலுக்குப் போகலையா?

— எங்க போறது? நேத்து வரைக்கும் ஜோரா ஓடின எஞ்சின், இன்னைக்குப் பாத்து மக்கர் பண்ணுதாம். ஏதோ சாமான் தேஞ்சுபோச்சாம். வாங்கறதுக்கு மதியமே டவுனுக்கு பைக்குல போயிருப்பார். நான் ஏலக் கொட்டகையிலேர்ந்து வர்றப்ப வண்டி இல்ல. சரி, நீ அடுத்த படத்தைக் காட்டு. எதிர்வீட்டுக்காரி மறுபடியும் வந்தா தள்ளிடு.

— அடுத்ததுதாம்மா முக்கியமான படம். இதுக்காகத்தான் இந்த ஊருக்கே வந்தேன்னு சொல்லலாம். துறை முனையிலேர்ந்து எடுத்தது. உங்க வீடு.

— அட, நம்ம வீடா இது! ரொம்ப லட்சணமாத்தான் இருக்கு. ஓட்டல்காரன் பாத்தா இன்னும் ரெண்டு மடங்கு குடுப்பான்.

— கீழ உங்க நீலக் கதவு. அதுக்கு நேர் மேல, மாடி ஜன்னல்ல, அந்தச் சிவப்புக் கண்ணாடி விளக்கு. கண்ணு கதவுல ஆரம்பிச்சு அப்படியே மேல போய் விளக்குல நிக்கும்.

— கதவுக்கு நேர் மேலயா?

— ஆமாம்மா.

— கதவுக்கு நேர் மேல இருக்கறது வலது ஜன்னல்.

— ஆமா, வலது ஜன்னல்தான். இடது ஜன்னல்ல இருந்தப்ப படம் ஒரு பக்கமா சாஞ்ச மாதிரி இருந்துச்சு. அதனாலதான்...

— அதனாலதான்?

— நகர்த்தி வெச்சு எடுத்தேன்.

— எடுத்துட்டுத் திருப்பி வெச்சுட்டேல்ல?

— இல்லம்மா. அங்கதான் இருக்கு.

— விளையாடாதே.

— இல்லம்மா, நிஜமாவே அங்கதான். ஏம்மா? ஏன் எழுந்துட்டீங்க? முகமெல்லாம் ஏன் இப்படி...

— வெளிய பாரு. துறை முனையில, கம்பத்து மேல, வெள்ளை விளக்கு எரியுதா?

— எரியுது. இப்பத்தான் எரிய ஆரம்பிச்ச மாதிரி இருக்கு.

— அப்ப மாடியில அதுவும் எரியுது. இருட்டினா ரெண்டும் தானா எரியும். ஐயோ. ஐயோ, தம்பி!

— அம்மா, நான்தான் கே...

— பேசாதே! மேல வா! ஓடு!

— படி வழுக்குதும்மா, பாத்து! அது சும்மா அழகுக்கு வெச்சிருக்கறதுன்னு நினைச்சேன். பகல்ல எரியல, மேலெல்லாம் தூசி...

— அழகுக்கா! இந்த வீட்டுல அழகுக்குன்னு ஒரு பொருளை நீ எங்கயாவது பாத்தியா? ஐயோ, எரியுது பாரு. எவ்வளவு பளிச்சுன்னு எரியுது பாரு!

— எரிஞ்சா நல்லதுதானேம்மா? எனக்கு ஒண்ணும் புரியல.

— கீழ வெள்ளை, மேல சிவப்பு. கடல்லேர்ந்து வர்றவன் ரெண்டையும் பாப்பான். வெள்ளைக்கு நேர் தலை மேல சிவப்பு வந்து நிக்கற வரைக்கும் படகைத் திருப்புவான். நேரா நின்னா, அதுதான் வழி. அந்தக் கோட்டுல வந்தா கண்ணை மூடிக்கிட்டு உள்ள வரலாம். ரெண்டு பக்கமும் பாறை, தண்ணிக்கு அடியில. இங்க ஒரு கை நகந்தா அங்க ஒரு படகு நகரும். புரியுதா?

— அப்படின்னா இது இப்ப...

— பாறைக்கு வழி காட்டிக்கிட்டு நிக்குது. நீ இதை அணைச்சிருந்தாகூட ஆபத்தில்ல பொண்ணே. நகர்த்தி வெச்சு எரிய விட்டிருக்கே!

— எல்லாப் படகும் வருமா இப்ப?

— மத்தவங்க எல்லாம் புதுத் துறைமுகத்துக்குப் போயிட்டாங்க. இந்தப் பழைய துறை வாய் வழியா வர்றது ரெண்டே படகு. ஒண்ணு எங்க வீட்டுக்காரரோடது, அது கீழ கட்டிக் கெடக்கு. இன்னொண்ணுல என் தம்பி வர்றான்.

— போன் பண்ணுங்கம்மா! போன் பண்ணி நிறுத்தச் சொல்லுங்க!

— அவன் போன் கீழ அடுப்பு மேடையில கெடக்கு. உப்புத்தண்ணி பட்டா கெட்டுப்போகுமாம். போன் மேல அவ்வளவு அக்கறை அந்தக் கழுதைக்கு. புடி, அந்தப் பக்கம் புடி, இழு!

— அசையலையேம்மா.

— அடி வார்ப்பிரும்பு. ம், சேந்து இழு. ஒரு... நில்லு. நில்லு! கேளு.

— என்னம்மா?

— எஞ்சின். டொக்கு டொக்குன்னு, நடுவுல ஒரு தும்மல். கேக்குதா?

— கேக்குது.

— அவன்தான். வெளிப்பாறையைத் தாண்டிட்டான். உள்ள வந்துட்டான்.

— அப்ப சீக்கிரம் இழுங்கம்மா!

— தொடாதே! கையை எடு! இப்ப இதை நகர்த்தினா அங்க சிவப்பு ஒதுங்கும். தான்தான் கோட்டை விட்டு ஒதுங்கிட்டோம்னு நினைச்சு அவன் சட்டுனு திருப்புவான். எந்தப் பக்கம் திருப்புவான்னு எனக்குத் தெரியாது. எவ்வளவு தூரம் வந்துட்டான்னும் தெரியாது.

— அப்ப என்னதாம்மா பண்றது?

— அணைக்கணும். ஒத்தை விளக்குத்தான் தெரியுதுன்னா உள்ள வராதே, நின்ன எடத்துல நங்கூரத்தைப் போடுன்னு எங்கப்பா எங்க ரெண்டு பேருக்கும் சொல்லிச் சொல்லி வளத்திருக்கார்.

— ஸ்விட்ச் எங்கம்மா?

— ஸ்விட்சும் கெடையாது, பிடுங்கறதுக்கு ப்ளக்கும் கெடையாது. யாராவது தெரியாம அணைச்சுடப் போறாங்கன்னு அப்பாதான் வேண்டாம்னு விட்டார்.

— மெயினை இறக்கிடலாமே!

— மெயின் பெட்டி எஞ்சின் சாமான் வைக்கற அறையில இருக்கு. அந்தச் சாவி எப்பவும் அவர் பையில.

— போர்வை! அம்மா, என் கம்பளி! இந்தாங்க!

— போடு, மேல போடு. தட்டிடாதே, கண்ணாடியை உடைச்சுடாதே. இன்னும் கசியுது பாரு, செவசெவன்னு. மடிச்சுப் போடு.

— மடிச்சுட்டேன். இப்ப?

— இப்பத் தெரியாது. இருட்டு. இருட்டுதான்.

— சத்தம் நிக்கலையேம்மா.

— பேசாதே.

— கிட்ட வர்ற மாதிரி இருக்கு.

— பேசாதேன்னேன்ல. டேய், மேல பாருடா. ஒரு தடவை தலையைத் தூக்கிப் பாருடா. தரையைப் பாத்துக்கிட்டே நடக்கற பழக்கம் சின்னதுலேர்ந்தே... பாருடா...

— அம்மா என் கை வலிக்குது. நகம் பதியுது... நின்னுடுச்சு! அம்மா, எஞ்சின் நின்னுடுச்சு! நங்கூரம் போட்டுட்டார்!

— மோதினாலும் நிக்கும்.

— அப்படிச் சொல்லாதீங்கம்மா.

— சங்கிலி.

— என்ன?

— கேளு. கடகடன்னு. சங்கிலி ஓடுது. நங்கூரச் சங்கிலி! போட்டுட்டான். போட்டுட்டாண்டி!

— அழாதீங்கம்மா.

— நான் எங்க அழறேன்? நீதான் அழறே. மூக்கைத் தொடை.

— யாரோ கத்தறாங்க.

— அவன்தான். என்னைத் திட்டறான். சேத்து எங்கப்பனையும் திட்டறான். தனக்கும் அவர்தான் அப்பன்னு மறந்துபோச்சு. திட்டட்டும். நல்லாத் திட்டட்டும். திட்ட வாய் இருக்கே, அது போதும் எனக்கு.

— இப்ப நகர்த்தலாமாம்மா?

— இப்ப நகர்த்தலாம். போர்வையோடவே இழு. உன் பக்கம் தூக்கு.

— தூக்க முடியலம்மா. தள்ளத்தான் முடியுது.

— தள்ளு. தரை கீறினாக் கீறட்டும். இன்னும் கொஞ்சம். மூச்சு வாங்கிக்கோ. ம், மறுபடியும். ஜன்னல் கட்டை மேல ஒரு ஆணித் தலை தெரியுதா? அதுக்கு நேரா. இல்ல, அதிகமாயிடுச்சு. இந்தப் பக்கம் ஒரு விரல். ம். போர்வையை எடு. மெதுவா எடு.

— எடுத்துட்டேன்.

— உன் கையை அதுலேர்ந்து எடு. இனிமே நீ அதைப் பாக்கக்கூடக் கூடாது.

— சத்தியமாப் பாக்க மாட்டேம்மா. என் தப்புத்தான். நான் ஆசைப்பட்டிருக்கக் கூடாது.

— எஞ்சின் கெளம்பிடுச்சு. வர்றான். வா, கீழ போய் தண்ணி கொதிக்க வைப்போம். படி வழுக்கும். சுவத்தைப் புடிச்சுக்கோ.

— அக்கா! கதவைத் தொற! உயிரோடதான் இருக்கேன், நனைஞ்சுபோய் இருக்கேன்!

— வாடா. வா. உள்ள வா. இப்படித் திரும்பு. கையைக் காட்டு. தலையைக் காட்டு.

— என்னக்கா, மாட்டுச் சந்தையில பல்லைப் பாக்கற மாதிரி பாக்கறே? எல்லாம் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு. ஆமா, என்ன நடக்குது இந்த வீட்டுல? விளக்கு என்னைப் பாத்து ஒரு தடவை கண்ணடிச்சுட்டு ஓடிப்போச்சு. இத்தனை வயசுக்கு மேல எனக்கு யாருடா கண்ணடிக்கறதுன்னு ஒரு நிமிஷம் குழம்பிட்டேன்.

— துவட்டு முதல்ல. செருப்பைக் கதவோரமா விடு. இந்தா, டீ. சூடா இருக்கு.

— சங்கிலியைப் போட்டுட்டு, எதுக்கும் இருக்கட்டும்னு துடுப்பை எடுத்து முன்னாடி நீட்டினேன்க்கா.

— நீட்டி?

— டொக்குன்னுச்சு.

— என்ன டொக்கு?

— பாறை. துடுப்பு நீளம்கூட இல்ல. இன்னும் ஒரு மூச்சு எஞ்சின் ஓடியிருந்தா இந்நேரம் நீ டீ போட்டிருக்க மாட்டே.

— ஐயோ...

— அழாதே. சரியாப் போச்சு, அடுப்போரத்துல இன்னொருத்தரும் அழறாங்களே. மாடி அறைக்கு வந்திருக்கற கேமராக்காரம்மாவா?

— மன்னிச்சிடுங்க. நான் ஒரு படத்துக்காக... விளக்கு வேற ஜன்னல்ல இருந்தா நல்லா இருக்கும்னு... எனக்குத் தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாது.

— ஓ, அப்படியா சேதி. அதானே, வழி எல்லாம் சரியா இருக்கு, தண்ணிச் சத்தம் மட்டும் வேற மாதிரி இருக்கேன்னு நினைச்சேன். நினைச்சுக்கிட்டே வந்தேன் பாருங்க, அது என் தப்பு. சத்தம் மாறினப்பவே நிறுத்தியிருக்கணும்.

— நீங்க ஏன் உங்களைச் சொல்றீங்க? எல்லாம் என்னாலதான்.

— சரி, பாதி உங்க தப்பு, பாதி என் தப்பு. எங்க வீட்டுல எல்லாமே பாதிப் பாதிதான். என்னக்கா?

— இந்த நேரத்துலயும் உனக்குக் கிண்டல்.

— நிஜமாச் சொல்லட்டுமா? நினைப்பெல்லாம் வேற எங்கயோ இருந்துச்சு. மச்சான் காலைல வந்து கயித்தை அவுத்துக் குடுத்தாரே, அதையேதான் நாளெல்லாம் நினைச்சுக்கிட்டு இருந்தேன். நான் அவர் மொகத்தைக்கூடப் பாக்காம வலையைப் பாத்துக்கிட்டு நின்னேன். அவர்தான் எறங்கி வந்தார். அப்புறம் நான் மட்டும் எதுக்கு வீம்பு பண்ணணும்? வித்துட்டுப் போறோம்க்கா. இருக்கறது நாம மூணு பேர். செங்கல்லுக்காக மொகத்தைத் தூக்கி வெச்சுக்கணுமா? இன்னைக்கு வந்ததும் அவர்கிட்டச் சொல்லிடணும்னு இருந்தேன்.

— நீயா சொல்றே இதை?

— நான்தான். அந்தச் சந்தோஷத்துலதான் பாறையை மறந்துட்டேன். மச்சான் எங்க?

— டவுனுக்குப் போயிருக்கார், சாமான் வாங்க. வர்ற நேரம்தான்.

— வரட்டும். இன்னைக்கு உப்பை நேரா அவர் கையிலயே குடுக்கறேன். ஆமா கேமராக்காரம்மா, ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது.

— கேளுங்க.

— காத்தடிச்சா பறந்துடுவீங்க போல இருக்கீங்க. அந்த விளக்கை எப்படி நகர்த்தினீங்க? நானே தம் கட்டித்தான் தூக்குவேன்.

— அது வந்து... எப்படியோ...

— அதானே பொண்ணே. இப்ப மாடியில நாம ரெண்டு பேர் சேந்தும் தள்ளத்தானே முடிஞ்சுது. தரை பூரா கீறல். ஆனா நீ வெச்சப்ப ஒரு கீறலும் விழலையே. யாரோ தூக்கித்தான் வெச்சிருக்காங்க. யாரைக் கூப்பிட்டே? எதிர்வீட்டுக்காரி மகனையா?

— இல்லம்மா. சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்.

— யாருக்கு?

— அவர் விளையாட்டாத்தான் கேட்டார். நீங்க என்னைத் திட்டறப்பகூட, என் ஆசையாலதானே வந்துச்சு, அவரை எதுக்கு மாட்டி விடணும்னு இருந்துட்டேன்.

— யாரு பொண்ணே?

— உங்க வீட்டுக்காரர்தாம்மா. "விளக்கைத் தொட்டேன்னு தெரிஞ்சா என் பொண்டாட்டி எனக்குச் சோறு போடமாட்டா, சொல்லிடாதீங்க"ன்னு சிரிச்சார்.

— மச்சானா! அப்படிப் போடு. ஒரு பொண்ணு கேமராவைத் தூக்கிக்கிட்டு வந்து கேட்டா, மனுஷன் வீட்டையே தூக்கி வெச்சிருப்பார். வெச்சுட்டு மறந்துபோய் டவுனுக்குப் போயிட்டார். வரட்டும், இன்னைக்கு அவரை ஒரு வழி பண்றேன்.

— நீ கொஞ்சம் சும்மா இருடா. பொண்ணே, எப்பக் கேட்டே அவரை?

— நேத்து சாயங்காலமே கேட்டேம்மா. நாளைக்கு மதியம் செஞ்சு தர்றேன்னார். நீங்க ஏலத்துக்குப் போனதும் வந்து தூக்கி வெச்சுக் குடுத்தார்.

— நேத்தே.

— ஆமாம்மா. நான் படம் எடுத்து முடிச்சுட்டு ஓடி வந்தேன், அவர் பைக்கை எடுத்துக்கிட்டு இருந்தார். திருப்பி இடது ஜன்னல்லயே வெச்சுடலாங்களான்னு கேட்டேன்.

— என்ன சொன்னார்?

— அக்கா, விடு. டீ ஆறுது.

— அவர் சொன்னதை அப்படியே சொல்லு. ஒரு வார்த்தை மாத்தாம சொல்லு.

— "ராத்திரிக்கு அங்கயே இருக்கட்டும்மா. இன்னைக்குத்தான் யாரும் கடலுக்குப் போகலையே"ன்னார்.

— மறந்திருப்பார்க்கா. வயசாகுதுல்ல.

— காலைல உன் கயித்தை அவுத்து உன் கையில குடுத்தது யாரு?

— அக்கா, ரோட்டுல பைக் சத்தம். மச்சான் வண்டிதான். நானே கேட்டுடறேன் இரு, ஏதாவது காரணம் இருக்கும்...

— எழுந்திரு. அந்தத் துண்டை எடு. டம்ளரை என்கிட்டக் குடு. செருப்பை எடுத்துக்கிட்டு உள் அறைக்குப் போ.

— எதுக்குக்கா? படகு கீழ கட்டியிருக்கே, பாக்க மாட்டாரா?

— அவர் வர்றது ரோட்டுப் பக்கம். பொண்ணே, நீ கேமராவைக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே உக்காரு. வாயைத் தொறக்காதே.

— அம்மா, எனக்குப் பயமா இருக்கு.

— போடா உள்ள! அவர் இந்த வாசப்படியில நின்னு முதல்ல என்ன கேக்கறார்னு நான் கேக்கணும். அது வரைக்கும் நீ இன்னும் கரைக்கு வரல.